இருபத்து மூன்றாவது முறை

அந்த ஊரில் நகரமன்றத் தலைவியின் வீட்டுக்குத்தான் கடைசியாகத் தண்ணீர் வரும். வெளியூர்க்காரர்கள் இதை நம்பமாட்டார்கள். ஊர்க்காரர்களோ, ஏதோ தாங்களே செய்த காரியம் போலக் கொஞ்சம் நிமிர்ந்து நின்று சொல்வார்கள்.

மேல்நிலைத் தொட்டி ஒன்று, தெருக்கள் இருபத்து மூன்று. காலை ஐந்து மணிக்கு முதல் தெருவின் வால்வைத் திறப்பார்கள். அரைமணி கழித்து அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பார்கள். இதற்கு 'முறை' என்று பெயர். இருபத்து மூன்றாவது முறை வரும்போது மாலை நான்கு மணி ஆகிவிடும். தொட்டி வற்றி, குழாயில் தண்ணீர் நூலாக இறங்கும்.

அந்த வால்வுகளை முப்பத்தோரு வருடம் திறந்து மூடியவர் தலைவியின் கணவர். இடுப்புயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் போவார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தான் குடியிருந்த தெருவைக் கடைசி முறைக்குத் தள்ளினார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "நம்ம தெருவை முன்னாடி வச்சா ஊரே என் மூஞ்சியப் பாக்கும். கடைசியில வச்சா நான் ஊர் மூஞ்சியப் பாக்கலாம்" என்றார்.

அவர்கள் கல்யாணமே தண்ணீர்ச் சண்டையில் முடிவானதுதான். அப்போது அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சுக்காரி. குழாய் உடைந்து நான்கு நாள் தண்ணீர் வராமல் போகவே, முப்பது பெண்களைத் திரட்டிக்கொண்டு வால்வுக் குழிக்கே போய் நின்றாள். "எங்க தெருவுக்கு நாலு நாளாத் தண்ணி இல்ல. உங்க வீட்ல மட்டும் தொட்டி நிறைஞ்சிருக்குமே!" என்று கத்தினாள். குழிக்குள்ளிருந்து சேறு பூசிய முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. "எங்க தெருவுக்கு அஞ்சு நாளா இல்லம்மா. குளிச்சு மூணு நாளாச்சு. பக்கத்துல வராதீங்க" என்றது. முப்பது பெண்களும் சிரித்துவிட்டார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய், "கட்டிக்கிட்டா அந்தச் சேத்துக்காரரைத்தான்" என்றாள்.

பிறகு அவள் மன்ற உறுப்பினரானாள், தலைவியானாள், மறுமுறையும் தலைவியானாள். அவர் வால்வுக்காரராகவே இருந்தார். அலுவலகத்தில் உட்காரும் வேலை ஒன்று தருகிறோம் என்றார்கள். "ஒரு வீட்டுக்கு ஒரு நாற்காலி போதும்" என்று சொல்லிவிட்டார். கேலி பேசியவர்களும் உண்டு. "வீட்ல யாரப்பா தலைவர்?" என்று கேட்பார்கள். "அவங்கதான். அதனாலதான் ஊருக்கெல்லாம் நான் திறந்து விடறேன், வீட்ல வாயைத் திறக்கறதில்ல" என்பார்.

எதிர்வீட்டுக்காரி மட்டும் விடமாட்டாள். "உங்க நேர்மைக்கு நாங்க ஏன் காயணும்?" என்பாள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "கடைசி முறைக்கு ஒரு லாபம் இருக்கு தாயி. நமக்குப் பின்னாடி யாரும் காத்திருக்கல. தொட்டி காலியாகற வரைக்கும் திறந்தே வைக்கலாம்." அப்படியே வைப்பார். வைத்துவிட்டு வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்ப்பார். அலுவலகம் இல்லாத நாள்களில் இரண்டு தம்ளர் தேநீரோடு தலைவி அங்கே நிற்பாள். மனிதருக்குக் கடவுள் கொடுக்கும் பெரிய வரங்கள் பெரும்பாலும் இப்படித் தம்ளர் அளவில்தான் வருகின்றன.

ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு, பத்தொன்பதாவது தெருவின் வால்வைத் திறந்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இளைப்பாறுகிறார் என்று நினைத்து நாலு பேர் வணக்கம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். செய்தி வந்தபோது தலைவி மன்றக் கூட்டத்தில் இருந்தாள். ஒரு நிமிடம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "பத்தொன்பதாம் தெரு மூடியாச்சா?" என்று கேட்டாள். கல் நெஞ்சு என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அவர் உயிரோடு இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார் என்பது அவளுக்குத் தெரியும்.

மூடியாகியிருந்தது. அவரோடு பதினெட்டு வருடம் வேலை பார்த்த இளைய வால்வுக்காரர் அழுதுகொண்டே வந்து சாவியை எடுத்து மிச்ச நான்கு முறைகளையும் விட்டார். அன்றும் இருபத்து மூன்று தெருவுக்கும் தண்ணீர் போனது.

*

பன்னிரண்டாம் நாள் மன்றம் கூடியது. தள்ளிப்போட முடியாத கூட்டம் அது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கல் உடைப்பவர்களின் குடியிருப்பு இருக்கிறது. நூற்று நாற்பது வீடுகள், குழாய் கிடையாது. வாரத்துக்கு மூன்று நாள் லாரி வரும். பாதைக்கு அடியில் குழாய் கொண்டுபோக ஆறு வருடம் நடையாய் நடந்து தலைவி வாங்கிய அனுமதி அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. மாதக் கடைசி அன்றுதான்.

உறுப்பினர்கள் பதினான்கு பேர். ஏழு பேர் குழாய் வேண்டும் என்றார்கள், ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்களுக்குத் தலைவர் மரக்கடைக்காரர். கெட்ட மனிதர் அல்ல. "இருக்கற இருபத்து மூணு தெருவுக்கே பத்தல. இலைக்கே சோறில்லாதப்போ பந்தியைப் பெருசாக்குறதா?" என்பது அவர் கட்சி. ஓட்டு சமமானால் மட்டும் தலைவிக்கு ஓர் ஓட்டு உண்டு. அந்த ஓர் ஓட்டில்தான் நூற்று நாற்பது வீடும் இருந்தது.

மகள் வெளியூரில் கண் மருத்துவமனையில் செவிலி. அப்பாவுக்காக வந்தவள் இன்னும் திரும்பவில்லை. கிளம்பும்போது அம்மாவின் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"போய்த்தான் ஆகணுமா?"

"ஓட்டுப் போட்டுட்டு வந்துடறேன்."

"வந்து?"

"வந்து அழறேன். நீயும் வா, ஒண்ணாவே திரும்பி வரலாம்."

மன்றத்தில் எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். மகள் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தாள். தீர்மானத்தைப் படிக்கும் முன் மரக்கடைக்காரர் எழுந்தார். கையில் சில நகல் தாள்கள் இருந்தன.

"துக்க வீட்ல பேசக்கூடாத பேச்சுதான். ஆனா இது வீடு இல்ல, மன்றம். பதினோரு நாளாத் தலைவரம்மா தெருவுக்கு முதல் முறை தண்ணி போயிருக்கு. காலைல அஞ்சு மணிக்கு. அதுவும் அரைமணி இல்ல, முக்கால் மணி. நான் சொல்லல, தண்ணிப் பிரிவு நோட்டு சொல்லுது. வேலியே பயிரை மேஞ்சா யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

நகல் தாள்கள் கைக்குக் கை மாறின. இளைய வால்வுக்காரரின் கோழிக் கிறுக்கல் எழுத்துத்தான். தேதி, தெரு, திறந்த நேரம், மூடிய நேரம். பொய் ஒன்றும் இல்லை.

தலைவி திரும்பி மகளைப் பார்த்தாள். மகளின் முகம் சிவந்துபோயிருந்தது. பதினோரு நாளாக விடியற்காலையில் குழாய் சத்தமாகக் கொட்டியதைக் கேட்டவள் அவள்தான். 'இப்போ நல்லாத் தண்ணி வருதே' என்று நினைத்து வாளிகளை நிரப்பியவளும் அவள்தான். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தலைவிக்கோ அந்த நாள்களில் பொழுது விடிந்ததே தெரியவில்லை.

மன்ற எழுத்தர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு விதிப் புத்தகத்தைப் பிரித்தார். இருபத்தாறு வருடமாக ஒரு காற்புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர்.

"தலைவர் தனக்குத் தெரியாம நடந்ததுன்னு சொன்னா, முறை மாத்தின ஊழியரை இன்னைக்கே இடைநீக்கம் பண்ணணும். தலைவர் தொடர்ந்து நடத்தலாம், ஓட்டும் போடலாம். பொறுப்பு தன்னோடதுன்னு ஏத்துக்கிட்டா, விசாரணை முடியற வரைக்கும் நாற்காலியை விட்டு இறங்கணும். துணைத் தலைவர் நடத்துவார். அவருக்குத் தன் ஓட்டு மட்டும்தான். சமம்னா தீர்மானம் தோத்துடும்."

மன்றம் முழுவதும் அவளையே பார்த்தது. 'தெரியாது' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது உண்மையும்கூட. நூற்று நாற்பது வீட்டுக்குத் தண்ணீர் போய்விடும். ஆனால் பன்னிரண்டு நாளுக்கு முன் அழுதுகொண்டே சாவியை எடுத்த மனிதனின் வேலையும் போய்விடும்.

துணைத் தலைவர் குனிந்து கிசுகிசுத்தார். "தெரியாதுன்னு சொல்லுங்கக்கா. உண்மையைத்தானே சொல்லப் போறீங்க? அவனுக்கு அப்புறமாப் பாத்துக்கலாம்."

'அப்புறம்' என்ற சொல் ஏழைகளுக்கு எப்படி முடியும் என்பதை அந்த அறையிலேயே எத்தனையோ முறை அவள் பார்த்திருக்கிறாள். ஆறு வருட நடையும் அவள் நினைவுக்கு வந்தது. லாரிக்குப் பின்னால் ஓடும் பெண்களும் வந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, "சாமி, ரெண்டையும் என் தலைல வைக்கிறியே" என்று உள்ளுக்குள் சொன்னாள். பிறகு எழுந்தாள்.

"எனக்குத் தெரியாது. அது நிஜம். ஆனா தண்ணி வந்தது என் வீட்டுக் குழாய்ல. குடிச்சது நான். துக்கத்துல கவனிக்கலன்னு சொல்லலாம். கவனிக்கறதுக்குத்தானே இந்த நாற்காலியைக் குடுத்திருக்கீங்க? ஒரு மனுஷன் என் மேல இரக்கப்பட்டுச் செஞ்சதுக்கு அவர் பிழைப்பைக் கெடுத்துட்டு, அந்தக் கையால நான் ஓட்டுப் போடமாட்டேன். பொறுப்பு என்னோடது."

நாற்காலியைச் சத்தம் வராமல் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் படியிறங்கி வந்து, பார்வையாளர் பெஞ்சில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டெடுப்புக்குப் போலாம்" என்றார் மரக்கடைக்காரர்.

"போக முடியாது" என்றார் எழுத்தர். "குற்றச்சாட்டு பதிவேட்டுல ஏறணும். நகலை வச்சு ஏத்த முடியாது. மூல நோட்டை வரவழைச்சு, முழுசா வாசிச்ச பிறகுதான்."

"முழுசாவா? பதினோரு நாள் போதுமே!"

"எனக்கு வேற வேலை இல்ல. வாசிக்கறேன்" என்றார் எழுத்தர்.

இளைய வால்வுக்காரர் நோட்டோடு வந்தார். நாற்பது வயதுக்காரர். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. தலைவி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மன்றத்தில் 'அம்மா' என்று அழைப்பதுதான் வழக்கம். அதையும் மறந்து, "என்ன அண்ணி, நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?" என்றார்.

எழுத்தர் நோட்டை விரித்தார். "நகல் எடுத்தது யாரு?"

"எங்க கடைக் கணக்கர்" என்றார் மரக்கடைக்காரர்.

"இடது பக்கத்தை மட்டும் எடுத்திருக்கார். இந்த நோட்டுல இடது பக்கம் நேரம், வலது பக்கம் காரணம்." கண்ணாடியை மறுபடி தூக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார். "'அண்ணன் வீட்டுத் துக்கம். வெளியூர் ஆட்கள் வந்திருக்கிறார்கள். முதல் முறை விட்டேன். கூடுதல் கால் மணி. ஈடு: என் தெரு.' அடுத்த நாளும் இதேதான். அதுக்கடுத்த நாளும்."

"ஈடுன்னா?" என்று யாரோ கேட்டார்கள்.

வால்வுக்காரர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். "அது அண்ணன் வச்ச வழக்கங்க. யார் வீட்ல சாவு விழுந்தாலும் மூணு நாள் அந்தத் தெருவுக்குத்தான் முதல் முறை. கால் மணி கூடுதலாவும் விடுவாரு. வந்தவங்க கைகால் கழுவணும்ல. அந்தக் கால் மணியை ஊர்க் கணக்குல எடுக்கமாட்டாரு. தன் தெருவுலதான் குறைச்சுக்குவாரு. இப்போ அவர் வீட்லயே துக்கம், அந்தத் தெருவுல எப்படிக் குறைக்கிறது? எங்க தெருவுல குறைச்சேன். சும்மா குறைக்கல, வீடு வீடாக் கேட்டேன். அண்ணனுக்குன்னா எடுத்துக்கோன்னாங்க."

"மூணு நாள்தானே வழக்கம்? பதினோரு நாள் விட்டீரே?" என்றார் எழுத்தர்.

"மூணாம் நாள் மூடப் போனேங்க. கை வரல."

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூட நாள்களில் தலைக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை என்று அப்பாவிடம் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த சாயங்காலங்கள் நினைவுக்கு வந்தன. அந்தக் கால் மணி எங்கே போனது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

எழுத்தர் நிறுத்தவில்லை. முழுசாக என்றால் அவருக்கு முழுசாகத்தான். பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். இப்போது எழுத்து மாறியது. குண்டு குண்டான, பொறுமையான எழுத்து. தலைவிக்கு அங்கிருந்தே தெரிந்தது. "'ஏழாம் தெரு, தையல்காரர் வீட்டுத் துக்கம். ஈடு: எங்கள் தெரு.' 'பதினைந்தாம் தெரு, கைக்குழந்தை தவறிவிட்டது. ஈடு: எங்கள் தெரு.' 'நான்காம் தெரு, மரக்கடைக்காரரின் தாயார். மூன்று நாள். கூட்டம் அதிகம், அரைமணி. ஈடு: எங்கள் தெரு முழுவதும்.'"

எழுத்தர் தலையைத் தூக்கினார்.

மரக்கடைக்காரர் நகல் தாள்களை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில், தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். "அன்னைக்கு அம்மாவை எடுக்கற நேரத்துல தண்ணி வந்துச்சு. நம்ம முறை இல்லையேன்னு நினைச்சேன். கடவுள் விட்டாருன்னு நினைச்சுக்கிட்டேன்."

"அவர்தான் விட்டாரு. அண்ணன் சாவியைத்தானே பிடிச்சாரு" என்றார் வால்வுக்காரர்.

துணைத் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "விசாரணை நடக்கட்டும். இப்போ தீர்மானம். குழாய் வேணும்கறவங்க கை தூக்குங்க." ஏழு கைகள் எழுந்தன. "வேண்டாம்கறவங்க?"

மரக்கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "ஹலோ... ஆமா... சரியாக் கேக்கல, இருங்க, வெளிய வரேன்" என்று பேசிக்கொண்டே எழுந்து போனார். போன் அடித்ததை அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. கதவு அவர் பின்னால் சாத்திக்கொண்டது.

ஆறு கைகள்.

"ஏழுக்கு ஆறு. தீர்மானம் நிறைவேறியது" என்று எழுத்தர் எழுதினார். எழுதும்போது அவர் பேனா ஒருமுறை நின்று, பிறகு ஓடியதாகப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

"புதுக் குடியிருப்புக்கு எத்தனாவது முறைன்னு பதிவு பண்ணணும்" என்று அவர் கேட்டார். "இருபத்து நாலுதானே?"

பெஞ்சிலிருந்து தலைவி எழுந்தாள். "பார்வையாளர் பேசலாமா?"

விதிப் புத்தகத்தைத் திறக்காமலே எழுத்தர், "பேசலாம்" என்றார். அவர் வாழ்க்கையில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை.

"அவங்க இருபத்து மூணு. எங்க தெரு இருபத்து நாலு. இன்னொண்ணு. வழக்கம் மூணு நாள். மிச்சம் எட்டு நாள் எங்களுக்குப் பாத்தியதை இல்ல. நாளையிலேருந்து எட்டு நாள் எங்க தெருவுல கால் மணி குறைச்சு, இந்த வால்வுக்காரர் தெருவுக்கு விடணும். எங்க தெருக்காரங்ககிட்ட நானே கேக்கறேன்."

*

அம்மாவும் மகளும் நடந்தே வீடு திரும்பினார்கள். மாலை ஐந்து மணி வெயில் சாய்ந்திருந்தது. பத்தொன்பதாம் தெருவில் அந்த மரத்தடியில் தலைவி கொஞ்சம் நின்றாள். "கேட்டீங்களா, பாதைக்கு அந்தப் பக்கமும் தண்ணி போகப் போகுது" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மகள் தோளைக் கொடுத்தாள். அந்த வழியாகப் போனவர்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள்.

தெருவுக்குள் நுழைந்ததும் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டாள். எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

"உங்க நேர்மைக்கு நாங்க ஏன் காயணும்?" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. "முப்பது வருஷம் அந்த மனுஷன்கிட்ட இதைக் கேட்டேன். ஊர்ல எழவு விழுந்தப்பல்லாம் நீயும்தான் குடுத்திருக்கே தாயின்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரே. தெரிஞ்சிருந்தா நானும் கொஞ்சம் பெருமைப்பட்டிருப்பேன்ல?"

"இப்போ படுங்க" என்றாள் தலைவி.

"படறேன். எட்டு நாள் என்ன, பத்து நாள் எடுத்துக்கச் சொல்லுங்க."

மறுநாள் மாலை தண்ணீர் நூலாக வந்து, ஒரு வாளி நிரம்பும் முன்பே நின்றது. மகள் குழாயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் தளும்பத் தளும்ப ஒரு நீலப் பீப்பாயை இறக்கி வைத்துவிட்டு, யார் அனுப்பியது என்று சொல்லாமல் போய்விட்டார். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பீப்பாயின் வயிற்றில் வெள்ளை எழுத்தில் மரக்கடையின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது.

மகள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். "அம்மா, எதிர்க்கட்சித் தண்ணி வந்திருக்கு. வாங்கலாமா?"

தலைவி வாசலுக்கு வந்து பார்த்தாள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"முதல்ல எதிர்வீட்டுக்கு ரெண்டு குடம் குடு. அப்புறம் வரிசையா எல்லா வீட்டுக்கும்."

"நமக்கு?"

"கடைசியில" என்றாள் தலைவி. "நமக்குப் பின்னாடி யாரும் காத்திருக்கல."

சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைத் தள்ளிவைத்து இடம் பண்ணிவிட்டு, பீப்பாயின் ஒரு பக்கத்தை அவளே பிடித்தாள்.